டாமிக்குக் குளியல்... டிப்ஸ் யாருக்கு?

சனிக்கிழமை சாயங்காலம். அண்ணா நகரில் ஏதோ ஒரு நாய் க்ரூமிங் கடை. மத்தியானம் அழுக்கு மூட்டை மாதிரி உள்ளே போன ஷிட்சூ ஒன்று, இப்போது கழுத்தில் ரிப்பன் கட்டிக்கொண்டு, பவுடர் வாசனையோடு வெளியே வருகிறது. தூக்கிக்கொண்டு வரும் பையனுக்கு இருபது, இருபத்தொன்று வயது இருக்கலாம். டீ-ஷர்ட் முழுக்க ஈரம். முழங்கைக்குக் கீழே புதுசாக இரண்டு கீறல்.

"சார், காதுல அழுக்கு ஜாஸ்தியா இருந்துச்சு, கிளீன் பண்ணிட்டேன். ஆனா உள்ள செவந்திருக்கு. டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிருங்க சார்."

"சரிப்பா, சரிப்பா."

நாயின் சொந்தக்காரர் கவுண்ட்டரில் க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி 1,500 ரூபாய் கட்டுகிறார். கை பர்ஸ் பக்கம் போகிறது. பாதியில் நிற்கிறது. கொடுக்கலாமா? எவ்வளவு? கொடுத்தால் தப்பாக நினைப்பானோ? கல்லாவில் முதலாளி வேறு உட்கார்ந்திருக்கிறாரே? மூன்று விநாடி யோசித்துவிட்டு, "வரேம்பா" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்.

அவர் கஞ்சர் எல்லாம் இல்லை. அதே மனிதர் அன்று ராத்திரி குடும்பத்தோடு ஹோட்டலுக்குப் போனால், பில் வைத்துக் கொண்டுவரும் சோம்புத் தட்டில் யோசிக்காமல் ஐம்பது ரூபாய் வைப்பார். நான்கு தோசையைக் கொண்டுவந்து வைத்தவருக்கு உண்டு. கடிக்கிற வாயோடு இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டிய பையனுக்கு இல்லை. ஏன்? ஹோட்டலுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது, அப்பா செய்ததைப் பார்த்துப் பிள்ளை கற்றுக்கொள்கிறது. நாய் குளிப்பாட்டக் காசு கொடுப்பதே நம்ம ஊருக்குப் புதுசு. போன தலைமுறையில் வீட்டு நாய்க்கு கிணற்றடியில் இரண்டு வாளித் தண்ணீரும் ஒரு துண்டு லைஃபாயும்தான். அந்த அப்பாவிடம் டிப்ஸ் பற்றிக் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது :-)

அமெரிக்கக்காரன் கணக்கு இங்கே ஒத்து வருமா?

இணையத்தில் தேடினால் உடனே ஒரு பதில் கிடைக்கும். க்ரூமருக்கு பில்லில் 15 முதல் 20 சதவீதம். நாயை வாக்கிங் கூட்டிப்போகிறவருக்கு வருடக் கடைசியில் ஒரு வாரச் சம்பளம். இப்படி வரிசையாகப் பட்டியல் போட்டிருப்பார்கள். எல்லாம் அமெரிக்கக் கணக்கு.

அதை அப்படியே காப்பி அடிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த நாட்டில் டிப்ஸ் சம்பளச் சட்டத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டது. டிப்ஸ் வாங்குகிற வேலையில் இருப்பவருக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும், மீதியை டிப்ஸில் ஈடுகட்டிக்கொள்ளலாம், குறைந்தால் மட்டும் முதலாளி நிரப்ப வேண்டும் என்கிறது மத்திய சட்டம். சில மாநிலங்கள் இதை ஏற்பதில்லை, ஆனால் அந்த 2.13 என்ற எண் 1991-லிருந்து மாறவே இல்லை. 2025-ல் டிப்ஸ் வருமானத்துக்கு வருடத்துக்கு 25,000 டாலர் வரை வருமான வரிக் கழிவு என்று ஒரு சட்டமும் கொண்டுவந்தார்கள் (2028 வரைக்கும்தான்). அந்தச் சலுகைக்காக அவர்கள் நிதித்துறை போட்ட தொழில் பட்டியலில் செல்லப்பிராணிகளைப் பார்த்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அதாவது அங்கே நாய் குளிப்பாட்டுபவரின் டிப்ஸ் அரசாங்கமே கணக்கில் எடுத்துக்கொண்ட வருமானம்.

இங்கே நிலைமை வேறு. டிப்ஸ் என்பது வாடிக்கையாளர் தன் இஷ்டத்துக்குக் கொடுப்பது, அதை முதலாளி கொடுத்த சம்பளமாகக் கருத முடியாது என்று 2016-ல் ஒரு ஹோட்டல் கம்பெனியின் வருமான வரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பில்லோடு சேர்த்துத் தானாகவே சர்வீஸ் சார்ஜ் போடக்கூடாது என்று 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஹோட்டல்களுக்கு வழிகாட்டுதல் போட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதைச் சரி என்றது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நம்ம ஊர் நியாயம் புரியும். சம்பளம் முதலாளியின் கடமை. டிப்ஸ் வாடிக்கையாளரின் மனசு. ஒன்றை வைத்து இன்னொன்றை அடைக்கக் கூடாது.

அப்படியானால் மனசு இருக்கிறவர் எதற்காகக் கொடுக்க வேண்டும்? இங்கேதான் நாய் விஷயம் ஹோட்டல் விஷயத்திலிருந்து பிரிகிறது.

சாப்பிட்டவர் பேசமாட்டார்

தோசை நன்றாக இருந்ததா என்பது சாப்பிட்டவருக்குத் தெரியும். முடி வெட்டிக்கொண்டவர் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளலாம். நாய் க்ரூமிங்கில் மட்டும் காசு கொடுப்பவர் ஒருவர், சேவையை வாங்கிக்கொண்டவர் இன்னொருவர். அந்த இன்னொருவருக்குப் பேச வராது.

காமர்ஸ் வகுப்பில் இதற்கு ஒரு பெயர் சொல்வார்கள்: தகவல் சமமின்மை. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது. பழைய கார் வாங்குவதைத்தான் எல்லாப் புத்தகமும் உதாரணமாகப் போடும். காரையாவது மெக்கானிக்கிடம் காட்டலாம். டாமி உள்ளே போன இரண்டு மணி நேரத்தில் என்ன நடந்தது என்று யாரிடம் கேட்பது?

உள்ளே நடக்கிற வேலையைக் கொஞ்சம் பாருங்கள். முடியில் விழுந்திருக்கும் சிக்கை முதலில் எடுக்க வேண்டும். சிக்கோடு தண்ணீர் ஊற்றினால் அது இன்னும் இறுகிக்கொள்ளும். நகம் வெட்டும்போது உள்ளே ஓடும் ரத்தக்குழாய் வரைக்கும் போகக் கூடாது. வெள்ளை நகத்தில் அது ரோஸ் நிறத்தில் தெரியும், கறுப்பு நகத்தில் தெரியவே தெரியாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெட்ட வேண்டும். காதைத் துடைக்க வேண்டும், உண்ணி இருக்கிறதா என்று விரல் இடுக்கு வரை பார்க்க வேண்டும். பிறகு ட்ரையர். அந்தச் சத்தத்துக்கே பாதி நாய்கள் நடுங்கும். 2003-ல் வந்த ஹட்ச் விளம்பரத்தைப் பார்த்து ஊரே வாங்கிய பக் மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்குச் சாதாரணமாகவே மூச்சு விடுவது கஷ்டம். அதிகச் சூட்டில் காயவைத்தால் உயிருக்கே ஆபத்து. சூட்டைக் குறைத்து, நடுவில் நிறுத்தி நிறுத்திக் காயவைக்க வேண்டும். நேரம் பிடிக்கும்.

இந்த வேலைகளில் சொந்தக்காரர் கண்ணில் படுவது எது? ரிப்பன். பவுடர் வாசனை. பளபளப்பு. அவ்வளவுதான்.

அழகைப் பார்த்து மட்டும் டிப்ஸ் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ட்ரையரை முழுச் சூட்டில் வைத்து அரை மணியில் முடித்து, ரிப்பன் கட்டி அனுப்புகிறவருக்கும் நூறு ரூபாய். நாய் பயப்படுகிறது என்று பொறுமையாக இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்கிறவருக்கும் அதே நூறு. இரண்டாமவர் ஒரு நாளைக்கு மூன்று நாய் பார்ப்பதற்குள் முதலாமவர் ஆறு நாய் முடித்துவிடுவார். டிப்ஸும் இரண்டு மடங்கு. நல்ல வேலைக்கு ஊக்கம் என்று நினைத்துக் கொடுத்த காசு, அவசர வேலைக்கு ஊக்கமாகப் போய்ச் சேர்கிறது.

ஹோட்டலிலேயேகூட டிப்ஸுக்கும் சேவைத் தரத்துக்கும் இருக்கும் தொடர்பு ரொம்பப் பலவீனமானது என்கிறார், கார்னெல் பல்கலைக்கழகத்தில் பல வருடங்கள் டிப்ஸை ஆராய்ந்த பேராசிரியர் மைக்கேல் லின். வாயுள்ள மனிதன் உட்கார்ந்து சாப்பிடும் இடத்திலேயே இந்த லட்சணம் என்றால், வாயில்லா ஜீவன் போகிற இடத்தைச் சொல்லவே வேண்டாம்.

கெட்ட செய்தி சொன்னவருக்குத்தான்

நாய் சொல்லாததை யார் சொல்வார்? அதைக் கையில் பிடித்தவர்தான் சொல்ல வேண்டும்.

மறுபடியும் அந்தச் சனிக்கிழமைக் காட்சிக்குப் போவோம். அந்தப் பையன் சொன்ன வார்த்தை என்ன? "காது உள்ள செவந்திருக்கு." அவன் அதைச் சொல்லாமலே ரிப்பனைக் கட்டி அனுப்பியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. சொன்னதால் அவனுக்கு லாபம் ஒன்றும் இல்லை, நஷ்டம்கூட வரலாம். "நீ குளிப்பாட்டினதுலதான் ஆச்சு" என்று திருப்பிக் கேட்கிற சொந்தக்காரர்கள் உண்டு. அன்றைக்குக் கொடுத்த சேவையிலேயே விலை உயர்ந்தது அந்த ஒரு வரிதான். அதற்குத்தான் "சரிப்பா, சரிப்பா" என்று பதில் கிடைத்தது.

இன்னொரு வகை. சிக்கு தோலோடு ஒட்டிப்போய்விட்டது, சீப்பால் இழுத்தால் நாய்க்கு வலிக்கும், மொட்டையாக வழித்துவிடுவதுதான் நல்லது என்று சொல்கிறார் க்ரூமர். அழகாக வரும் என்று எதிர்பார்த்த சொந்தக்காரருக்குக் கையில் கிடைப்பது மொட்டை நாய். முகம் சுருங்கிவிடும். டிப்ஸ் கிடையாது. வீட்டில் இரண்டு மாதம் சீப்பே போடாதது யார் தப்பு என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை. "நாய் ரொம்ப பயப்படுது சார், இன்னைக்கு நகம் மட்டும் வேணாம், அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க" என்று பாதியில் நிறுத்துகிறவருக்கும் இதே கதைதான். ஆனால் இந்த இரண்டு பேரும் காசு கொடுத்தவரைச் சந்தோஷப்படுத்தாமல் நாயைக் காப்பாற்றியவர்கள். டிப்ஸ் என்று ஒன்று உலகத்தில் இருக்குமானால் முதலில் இவர்களுக்குப் போக வேண்டும்.

யாருக்கு வேண்டாம்?

தமிழில் இதற்கு அழகான அடுக்கு வார்த்தைகள் இருக்கின்றன. இனாம் என்றால் சந்தோஷத்தில் கொடுப்பது. மாமூல் என்றால் வழக்கமாகிப்போய், கொடுக்காவிட்டால் முகம் மாறுவது. லஞ்சம் என்றால் கொடுக்காவிட்டால் வேலையே நடக்காதது. ஒரே நூறு ரூபாய் நோட்டுதான், நிற்கிற இடத்தைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது.

அரசு கால்நடை மருத்துவமனையில் யாருக்கும் கையில் காசு வைக்க வேண்டாம். வரிசையில் முன்னால் போகவோ, ஊசி போடும்போது பிடித்துக்கொள்ளவோ கொடுப்பது டிப்ஸ் கணக்கில் வராது. 1988 ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-ல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பவரும் குற்றவாளிதான் (கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் ஏழு நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும்). அடுத்து நிற்கிற பாட்டி, தெருவில் எடுத்து வளர்க்கும் நாட்டு நாயோடு வந்திருப்பார். அவரால் கொடுக்க முடியாது. இவர் கொடுக்கும் ஐம்பது ரூபாய் அந்தப் பாட்டியைப் பின்னால் தள்ளும்.

தனியார் கிளினிக் டாக்டருக்கும் வேண்டாம். ஃபீஸ் அவரே முடிவு செய்வது. நாய் பிழைத்த சந்தோஷத்தில் ஒரு ஸ்வீட் பாக்ஸ் கொண்டுபோய்க் கொடுத்தால் வேண்டாம் என்றா சொல்லப்போகிறார்? முதலாளியே குளிப்பாட்டுகிற சின்னக் கடையிலும் கட்டாயம் இல்லை, விலை அவர் கையில்தானே இருக்கிறது. அவருக்குப் பத்து பேரிடம் நல்லபடியாகச் சொல்லி அனுப்புவதுதான் பெரிய டிப்ஸ்.

யாருக்கு, எவ்வளவு?

சம்பளத்துக்கு வேலை பார்க்கிற க்ரூமர், போர்டிங்கில் நாயோடு ராத்திரி தங்குகிறவர், காலையில் வாக்கிங் கூட்டிப்போகிறவர். இந்த மூன்று பேரும்தான் முக்கியம்.

க்ரூமருக்குச் சதவீதக் கணக்கு வேண்டாம். சதவீதம் போட்டால் பெரிய பேக்கேஜ் எடுத்த சின்ன நாய்க்கு அதிகமும், சாதாரணக் குளியல் எடுத்த முரட்டு நாய்க்குக் குறைவுமாகப் போய்விடும். கஷ்டம் பில்லில் இல்லை, நாயில் இருக்கிறது. சாதுவான நாய்க்கு நூறு ரூபாய், முரண்டு பிடிக்கிற நாய்க்கு இருநூறு என்று ஒரு தொகையை மனதில் வைத்துக்கொண்டால் அந்த மூன்று விநாடிக் குழப்பமே வராது. வேன் எடுத்துக்கொண்டு வீட்டு வாசலுக்கே வருகிறவர்களுக்கும் இதேதான், கூட ஒரு சொம்பு மோர்.

போர்டிங்கில் தீபாவளியை மறக்கக் கூடாது. மனிதக் காதைவிட நாய்க் காது பல மடங்கு கூர்மை. ஊரே வெடி வெடிக்கும் அந்த இரண்டு நாள், இருபது நாய்கள் ஒரே கட்டடத்தில் நடுங்கிக்கொண்டும் குரைத்துக்கொண்டும் இருக்கும். சொந்தக்காரர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள். போகாமல் கூட உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரு வீடு, ஒரு அம்மா, ஒரு தீபாவளி இருக்கும்தானே. தன் பண்டிகையை விட்டவருக்கு, கட்டணம் எவ்வளவு வாங்கினார்கள் என்று பார்க்காமல், கொஞ்சம் கனமாகவே கொடுக்கலாம்.

வாக்கிங் கூட்டிப்போகிறவருக்கு மாதா மாதம் டிப்ஸ் வேண்டாம். அது மாமூல் ஆகிவிடும். வருடத்துக்கு ஒரு தடவை தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம். இது தாராளமாகத் தோன்றலாம். கணக்குப் போட்டால் தோன்றாது. சட்டப்படி குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம். மாதம் 3,000 ரூபாய் என்றால் வருடத்துக்கு 36,000, அதில் 8.33 சதவீதம் கிட்டத்தட்ட 3,000. சரியாக ஒரு மாதச் சம்பளம்! 1965 போனஸ் சட்டமும் சரி, அதற்குப் பதிலாக வந்த 2019 ஊதியச் சட்டத் தொகுப்பும் சரி, பொதுவாக இருபது பேர் வேலை செய்யும் இடத்துக்குத்தான் இதைக் கட்டாயம் ஆக்குகின்றன. தனியாளாக நான்கு வீட்டு நாயைக் கூட்டிப்போகிறவரை எந்தச் சட்டமும் எட்டிப் பார்க்காது. நான்கு வீடும் எட்டிப் பார்த்தால்தான் உண்டு.

கொடுக்கும் விதம் பற்றியும் ஒரு வார்த்தை. கவுண்ட்டரில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடில் நூறு ரூபாய் சேர்த்துப் போட்டால் அது முதலாளி கணக்குக்குத்தான் போகும். அந்தப் பையனுக்கு வந்தது என்று யார் சொல்வது? நோட்டாகக் கையில் கொடுங்கள், இல்லை அவன் நம்பரைக் கேட்டு நேராக அனுப்புங்கள். முதலாளி எதிரிலேயே கொடுக்கலாம், ஒளித்துக் கொடுக்க இது என்ன திருட்டுக் காசா? "தம்பி, காதப் பாத்துச் சொன்னதுக்கு ரொம்ப தேங்க்ஸ்ப்பா" என்று எதற்காகக் கொடுக்கிறோம் என்பதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த நாயின் காதையும் பார்ப்பான்.

இரண்டு ஆட்சேபம்

"காசு கட்டியாச்சு, அப்புறம் எதுக்கு மேல?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கொடுக்காதது தப்பே இல்லை. முடியாதவர்கள் கொடுக்கவே வேண்டாம். ஆனால் ஹோட்டலில் கொடுத்துவிட்டு இங்கே மட்டும் இந்தக் கேள்வி வந்தால், அது கொள்கை இல்லை, மறதி.

"டிப்ஸ் வருதுன்னு தெரிஞ்சா முதலாளி சம்பளம் ஏத்த மாட்டார்" என்பது இரண்டாவது. இது கனமான ஆட்சேபம், அமெரிக்காவின் 2.13 டாலரே அதற்குச் சாட்சி. அதனால்தான் சதவீதம் கூடாது, பில்லில் சேரக் கூடாது, எதிர்பார்ப்பாக மாறக் கூடாது என்பதெல்லாம். டிப்ஸ் பாக்ஸ் வைத்திருக்கும் கடையில் "இது யாருக்குப் போகும்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடலாம். அந்தக் கேள்விக்கு முதலாளி திணறினால் அடுத்த தடவை வேறு கடை பார்க்கலாம்.

காசு இல்லாமலும் ஒரு டிப்ஸ்

கடைசியாக ஒன்று. இதற்கு ஒரு பைசா செலவு இல்லை, ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரியது.

"கடிக்குமா சார்?" என்று க்ரூமர் கேட்கும்போது உண்மையைச் சொல்ல வேண்டும். "சேச்சே, கொழந்த மாதிரி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். வீட்டில் குழந்தை மாதிரிதான் இருக்கும். முன்பின் தெரியாத ஆள் காலைப் பிடித்து நகம் வெட்டினால் குழந்தையும் கடிக்கும். போன மாதம் பக்கத்து வீட்டுப் பையனைப் பதம் பார்த்தது என்பதை மறைத்தால், அடுத்த கடி ஒரு ஏழைக் கையில். வெறிநாய்க்கடி நோய் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக நடக்காத காரியம். நாய்க்கு ஒழுங்காக ஊசி போட்டு, அந்தச் சீட்டையும் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். கடிக்கும் என்றால் கடிக்கும் என்று சொல்ல வேண்டும். வாய்க்கூடு போட அவருக்கு நேரம் கிடைக்கும்.

நாய் பேசாது. அதனால் உள்ளே நடந்ததை க்ரூமர் உண்மையாகச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அதே நாய் க்ரூமரிடமும் பேசாது. அதற்காக உண்மை பேச வேண்டியவர் சொந்தக்காரர். அதைச் சொல்லாமல் மறைத்துவிட்டு இருநூறு ரூபாய் நீட்டுகிறவரைவிட, சொல்லிவிட்டு ஒன்றும் கொடுக்காமல் போகிறவர் எவ்வளவோ மேல்.

இரண்டையும் செய்தால்? அந்தப் பையன் அடுத்த சனிக்கிழமை டாமியைப் பார்த்தவுடனே பெயர் சொல்லிக் கூப்பிடுவான். டாமியும் வாலை ஆட்டிக்கொண்டு உள்ளே போகும். காது எப்படி இருக்கிறது என்று அவனே முதலில் கேட்பான்.